தென்பாண்டிச் சீமையில் அமெரிக்கக் கார்கள்

தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரை வட்டாரங்களில் அமெரிக்க மோட்டார் வண்டிகளின் காலம் 1910களில் தொடங்கி 1950களின் நடுவில் பெரும்பாலும் முடிகிறது. டெட்ராய்ட்டில் முதலில் தொழிற்சாலை எழுந்தது, விற்பனை முகவர் அதன் பின்னால் வந்தார். தென்தமிழகத்தில் நடந்தது நேர்மாறு. முகவரின் கொட்டகையும் பட்டறையும் முதலில் வந்தன. தொழிற்சாலை வர அரை நூற்றாண்டு ஆனது. தமிழகத்து வாகனத் தொழிலின் வேர் அந்தப் பட்டறைகளில் இருக்கிறது. ஆனால் கார்களுக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட பட்டறைகளுக்குக் கிடைக்கவில்லை.

வண்டி வந்த வழி

ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' 1908இல் வெளிவந்தது. 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் பூட்டுவரிசை வந்தபின், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கியது. 1927இல் உற்பத்தி நின்றபோது 1.5 கோடி வண்டிகள் வெளிவந்திருந்தன. இந்தியாவுக்கு வந்த ஃபோர்டுகள் பெரும்பாலும் கனடாவிலிருந்து வந்தவை. பிரிட்டனும் அயர்லாந்தும் நீங்கலாகப் பேரரசின் நாடுகளில் விற்கும் உரிமை, 1904இல் தொடங்கிய கனடா ஃபோர்டு நிறுவனத்திடம் இருந்தது. வலப்பக்க ஸ்டியரிங் வைத்த வண்டிகளை ஒன்டாரியோவில் செய்து அனுப்பினார்கள். 1926இல் இந்தியக் கிளை நிறுவனத்தைத் தொடங்கியதும் கனடா ஃபோர்டுதான்.

பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாட்டில் பிரிட்டிஷ் காரை அமெரிக்க வண்டி எப்படி முந்தியது? விடை தரையில் இருக்கிறது. பிரிட்டனில் எஞ்சினின் குதிரைத்திறன் கணக்கில் வரி போட்டதால் அங்கே சிறிய எஞ்சின்கள் பெருகின. அமெரிக்காவின் மண்சாலைகளுக்காகச் செய்த வண்டியோ உயரமானது, எஞ்சின் பெரியது, விலையும் குறைவு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல் மண். ஒரு மழை பெய்தால் சக்கரத்தை விடாது. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் தேரிச் செம்மணல். மாட்டுவண்டித் தடம் பள்ளமாகப் பதிந்த பாதைகளில் வயிறு தட்டாமல் போகிற வண்டிதான் வேண்டியிருந்தது. கான்சாஸ் விவசாயிக்கும் கரிசல்காட்டு வியாபாரிக்கும் தேவை ஒன்றாகவே இருந்தது.

அன்றைய தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரமிட, தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கின. கார்களுக்கு பம்பாயும் மதராசும்தான் வாசல். ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாய் சேவ்ரியில் இந்தியாவின் முதல் கார் பூட்டுமிடத்தைத் திறந்தது. பெட்டிகளில் பிரித்து வந்த பாகங்களை அங்கே பூட்டி செவர்லே வண்டிகளாக வெளியே விட்டார்கள். அவற்றில் பல வெறும் சேசிஸாகவே விற்கப்பட்டன. அதன்மேல் மரச்சட்டமடித்து, தகடு போர்த்தி, பலகை இருக்கை போட்டுப் பேருந்தாக்கியது உள்ளூர்த் தச்சர்களும் கொல்லர்களும்.

முகவரின் பட்டறை

திருநெல்வேலி மாவட்டத்துத் திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்தவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். ரயில்வே வேலை, வங்கி வேலை எல்லாம் பார்த்துவிட்டு 1911இல் தம் பெயரிலேயே நிறுவனத்தைத் தொடங்கிப் பேருந்து விட்டார். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். பேருந்துகளைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பது அந்தத் தலைமுறையின் பேச்சு. மாட்டு லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைக் குத்தாமலிருக்கக் காந்தம் கட்டிய வண்டியைச் சாலையில் முன்னால் ஓடவிட்டார் என்றும் சொல்வார்கள். பேருந்து ஓட்டியவரே பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் விநியோகஸ்தரானார். 1950களில் இந்தியாவிலேயே அந்நிறுவனத்தின் மிகப் பெரிய விநியோகஸ்தராக டி.வி.எஸ். நின்றது.

அன்றைய விநியோகஸ்தரின் பாடு வண்டியை விற்பதோடு முடியவில்லை. ஒரு வால்வு உடைந்தால் மாற்று கடல் தாண்டி வரவேண்டும். அதற்குள் வழித்தடமே போய்விடும். அதனால் ஒவ்வொரு முகவரும் லேத் போட்டார், உலை வைத்தார், ஃபிட்டர்களைப் பழக்கினார், ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கு கட்டினார். பையன்கள் கிளீனராகச் சேர்ந்து, ஹேண்டில் சுற்றி வண்டியைக் கிளப்பப் பழகி, மெக்கானிக்குக்குச் சாவி எடுத்துக் கொடுத்துத் தொழில் கற்றார்கள். பாலிடெக்னிக்குகள் பரவாத காலத்தில் இந்த வட்டாரத்தின் பொறியியல் பள்ளி அந்தக் கொட்டகைதான்.

இரண்டாம் உலகப் போர் அந்தப் பள்ளிக்குப் பெரும் தேர்வு வைத்தது. பெட்ரோல் ரேஷனுக்கு வந்ததும் டி.வி.எஸ். 'கேஸ் பிளான்ட்' ஒன்றை வடிவமைத்துச் செய்தது. பேருந்தில் இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் கரியை நிரப்பி, குறைந்த காற்றோட்டத்தில் எரிப்பார்கள். கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு பிறக்கும். அதைக் குளிரவைத்துத் தூசு வடிகட்டி எஞ்சினுக்குள் இழுக்க, பெட்ரோலில்லாமல் வண்டி ஓடும். வேகம் குறையும். கிளப்புவதற்கு வெகு முன்பே கிளீனர் வந்து ஊதுலையைச் சுற்றி நெருப்பை உயிர்ப்பிக்க வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். கரிமூட்டம் போட்டுப் பழகிய இந்த வறண்ட சீமையில் எரிபொருளுக்குக் குறைவில்லை. வண்டியை உருவாக்கியவர்கள் கனவிலும் நினைக்காத முறையில் அந்த எஞ்சின்களை இங்கே ஓடவைத்தார்கள். டயரும் கிடைக்காததால் தேய்ந்ததையே மறுபடி ரப்பர் ஏற்றும் ரீட்ரேடிங் தொழிலும் வளர்ந்தது.

மதராசில் இதே கதையின் இன்னொரு கிளை ஓடியது. 1840இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் கோச்சு வண்டி கட்டுவதிலிருந்து மோட்டாருக்கு வந்தது. அதன் பொறியாளர் சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் காரொன்றைச் செய்து ஓட்டினார். பின்னாளில் சிம்ப்சனையும் கார் விற்பனையில் பெயர்பெற்ற அடிசனையும் அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் கீழ் கொண்டுவந்த எஸ். அனந்தராமகிருஷ்ணனும் திருநெல்வேலிச் சீமைக் குடும்பத்தவர்.

மறைவு

போர் முடிந்ததும் ராணுவம் கழித்த செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ் லாரிகள் ஏலத்துக்கு வந்தன. வால்சந்த் ஹீராசந்தின் பிரிமியர் ஆலை 1947 முதல் பம்பாய் குர்லாவில் கிரைஸ்லர் உரிமத்தோடு டாட்ஜ், பிளைமவுத், டி சோட்டோ வண்டிகளைப் பூட்டியது. பார்கோ லாரியும் அந்த வீட்டுப் பிள்ளை. ஆனால் டாலர் தட்டுப்பாடு இறக்குமதியை இறுக்கியது. உள்நாட்டிலேயே படிப்படியாகப் பாகங்கள் செய்யும் திட்டமில்லாமல் வெறுமனே பூட்டி விற்கும் நிறுவனங்களுக்கு இடமில்லை என்று 1953இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டுக்குள் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்திய ஆலைகளை மூடின. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்புத் தொடர் நடந்த 1955–61 ஆண்டுகளில், கரையில் அம்பாசடரும் ஃபியட்டும் அமெரிக்க வண்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஜீப் மட்டும் மஹிந்திராவின் கையால் பிழைத்து, தாலுகா அலுவலகங்களிலும் தேர்தல் பிரசாரங்களிலும் பல பத்தாண்டுகள் ஓடியது.

சாலையில் மறைந்ததே தவிர, பட்டறைகளில் விதை முளைத்தது. வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பாடியிலும் சுற்றிலும் எழுந்த ஆலைகள் அனைத்தும் விநியோகஸ்தர் குடும்பம் வெளிநாட்டுக் கூட்டாளிகளோடு கட்டியவை. அதே குடும்பத்தின் சுந்தரம் ஃபாசனர்ஸ் 1990களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பத் தொடங்கி, அந்நிறுவனத்தின் சிறந்த வழங்குநர் விருதைப் பலமுறை பெற்றது. செவர்லே விற்ற வீடு செவர்லே நிறுவனத்துக்கே பாகம் விற்றதை இந்த வரலாற்றின் உச்சமாகக் கருதலாம்.

எஞ்சியவை

கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தினர் 2015இல் திறந்த ஜீடி கார் அருங்காட்சியகத்தில் பழைய அமெரிக்க, ஐரோப்பியக் கார்களைக் காணலாம். நாயுடுவும் 1920இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒற்றைப் பேருந்தோடு தொடங்கியவர்தான். கடற்கரையோரத்தில் பழைய வண்டி தப்புவது கடினம். உப்புக்காற்று தகட்டைத் தின்றுவிடும். காரைவிட அவசரமாகச் சேகரிக்க வேண்டியவை முகவர்களின் பேரேடுகள், பாகப் பட்டியல்கள், பழைய மெக்கானிக்குகளின் நினைவுகள். இவற்றைத் தேடித் தொகுக்க ஒரு பல்கலைக்கழகமாவது முன்வர வேண்டும்.

அமெரிக்க நிறுவனங்களின் மறுவருகை நீடிக்கவில்லை. மறைமலைநகரில் ஃபோர்டு 1999 முதல் ஐகான் கார்களைச் செய்தது. 2021இல் வெளியேறுவதாக அறிவித்து, 2022இல் அங்கே கார் உற்பத்தியை நிறுத்தியது. தூத்துக்குடிக்குக் கார் ஆலையைக் கொண்டுவந்தது வியட்நாமின் வின்ஃபாஸ்ட். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நட்டு, சுமார் 400 ஏக்கரில் எழுந்த மின்கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. தொடக்கத் திறன் ஆண்டுக்கு 50,000 வண்டிகள். சேவ்ரியில் நடந்ததுபோலவே இங்கும் பிரித்து வரும் பாகங்களைப் பூட்டித்தான் வேலை தொடங்கியிருக்கிறது. சேவ்ரி நாளில் பாகம் செய்யும் தொழில் நாட்டில் ஏறக்குறைய இல்லை. இன்று தமிழகம் முழுக்க இருக்கிறது. தூத்துக்குடி ஆலையில் உள்ளூர்ப் பாகங்களின் பங்கு எவ்வளவு விரைவாக உயரும் என்பதே இனிக் கவனிக்க வேண்டியது.