நடுவெப்ப ஸ்டோன்வேர் களிமண்

சுமார் 1,200 முதல் 1,240 டிகிரி செல்சியஸ் (சூளை வெப்பத்தைக் காட்டும் கோன் அளவில் 5, 6) வரை சுட்டால் கல்போல் இறுகும் களிமண் கலவை. மின்சூளை உள்ள பயிற்சிக்கூடங்களுக்கு மிகப் பொருத்தமானது. 1,300 டிகிரியை எட்ட வேண்டிய உயர்வெப்ப மண்ணைவிட மின்செலவு குறைவு. சூளையின் கம்பிச்சுருள்களும் நெடுநாள் உழைக்கும்.

கேரளத்தின் பாலக்காட்டுக் கும்பாரச் சமூகத்தினர் வனையும் பானை சட்டிகள் 1,000 டிகிரிக்குக் கீழேயே வெந்துவிடும். அவற்றுக்கான மண் வனைய அருமையானது. ஆனால் இரும்புச்சத்து மிகுந்த அந்த மண்ணை 1,220 டிகிரிக்கு ஏற்றினால் உப்பி, வளைந்து, சூளைத் தட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஸ்டோன்வேருக்குக் கயோலின், பால் கிளே (ball clay), ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றைக் கலக்கிறார்கள். கயோலின் கேரளத்திலேயே, கொல்லம் மாவட்டத்துக் குண்டறையில் கிடைக்கிறது. அதற்குக் குழைவுத்தன்மை குறைவு என்பதால் பால் கிளே அவசியம்.

புதிதாகப் பழகுபவருக்கு வெண்மையைவிடப் பொறுமையான மண்ணே முக்கியம். சுட்ட மண்பொடி சிறிது கலந்த மண் சக்கரத்தில் சாயாது நிற்கும், உலரும்போது விரிசலும் குறையும்.

வாங்குமுன் சோதிப்பது நல்லது. ஈரப் பட்டையில் 10 செ.மீ. கோடு கீறிச் சுட்டபின் அது 8.8 செ.மீ. எனில் சுருக்கம் 12 விழுக்காடு. கிளேஸ் பூசாத சில்லை எடைபோட்டு, நீரில் கொதிக்கவைத்து ஊறவிட்டு மீண்டும் எடைபோட்டால் நீர் உறிஞ்சல் தெரியும். 3 விழுக்காட்டுக்கு மேல் போனால் தேநீர்க் கோப்பைக்கு அந்த மண் உதவாது.