கீழே படம், மேலே ஒயின்

போன சனிக்கிழமை பெங்களூரில் நானும் ரெண்டு நண்பர்களும் ஒரு படம் பார்த்துட்டு, அதே மாலின் மேல்மாடியில் இருந்த ஒயின் பாருக்குச் சாப்பிடப் போனோம். பில்லைப் பார்த்து ஒருத்தன் நொந்துபோய்க் கேட்டான்: "ஒரே கட்டடத்துல படமும் சாப்பாடும்... இந்தப் பழக்கம் எப்பலேர்ந்துடா ஆரம்பிச்சுது?" மால் வந்த பிறகுதான்னு கெத்தா சொல்லிட்டேன். தப்பான பதில். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைச்சது. காசு வாங்கிப் படம் காட்டும் தொழில் பாரிஸில் தொடங்கியதே ஒரு கஃபேயின் அடித்தளத்தில்தான்.

1895 டிசம்பர் 28. அன்றைக்கும் சனிக்கிழமை. கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டு வரவில்லை. கடைவீதி முழுக்க ஜனம். புலவார் தே கப்யூசின் தெருவில் 14-ஆம் எண், கிராண்ட் கஃபே. மேலே வழக்கமான கஃபே: ஒயின், காபி, அரட்டை. கீழே 'சலோன் அந்தியன்', அதாவது இந்திய அறை. பெயரில்தான் இந்தியா. ஒரு காலத்தில் அங்கே பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த அறையைத்தான் லூமியேர் சகோதரர்களின் அப்பா அந்துவான் வாடகைக்குப் பிடித்தார்.

இங்கேதான் எனக்குப் பிடித்த பேரம் வருது. வசூலில் 20 சதவீதம் தருகிறோம் என்றார்கள். கஃபேயை நடத்திய வோல்பினி வேண்டாம் என்றுவிட்டார். ஒரு நாளைக்கு 30 பிராங்க் வாடகை, அது போதும். முட்டாள்னு சொல்லத் தோணுதுல்ல? அன்றிரவுக் கணக்கைப் பாருங்க. டிக்கெட் ஒரு பிராங்க். காசு கொடுத்து வந்தவர்கள் 33 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 20 சதவீதம் என்றால் 6 பிராங்க் 60 சென்டீம். வோல்பினி கையில் 30. லூமியேர் குடும்பத்துக்கு மிஞ்சியது 3 பிராங்க்! முதல் நாள் ஜெயித்தவர் கஃபேக்காரர்தான். சில வாரங்களில் வாசலில் வரிசை நீண்டு நின்றபோது அவர் என்ன நினைத்திருப்பார் என்பது வேறு கதை.

மொத்தம் பத்துப் படம். ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் ஒன்று, அகுஸ்த் லூமியேர் தன் குழந்தைக்கு ஊட்டும் காட்சி. பக்கத்தில் அம்மா மார்கரித். அவ்வளவுதான் கதை. ஆனால் பின்னால் மரத்தின் இலைகள் அசைந்ததைத்தான் ஜனங்கள் வியந்து பேசினார்கள். மேடை நாடகத்தில் துணியில் வரைந்த மரம்தானே இருக்கும், அது அசையாதே!

ரயில் வந்ததும் எல்லாரும் அலறி ஓடினாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அன்றைய பட்டியலில் ரயில் படமே இல்லை. பிறகு அதைக் காட்டியபோது கூட்டம் ஓடியதற்கும் உறுதியான சான்று கிடையாது. பழைய ஆட்களை வெகுளியாக்கிப் பார்ப்பதில் நமக்கு ஒரு சுகம், வேறென்ன. உண்மையில் அன்று அங்கே இருந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் மெலியெஸ். மேஜிக் அரங்கம் நடத்தியவர். அவர் ஓடவில்லை, கருவியை விலைக்குக் கேட்டார். கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

ஏழு மாதம்கூட ஆகவில்லை. 1896 ஜூலை 7, பம்பாய். லூமியேர்களின் ஆள் மாரியுஸ் செஸ்தியே ஆஸ்திரேலியா போகும் வழியில் இறங்கிப் படம் காட்டுகிறார். எங்கே? மறுபடியும் சாப்பாட்டு இடம்தான்: வாட்சன் ஹோட்டல். ஆறு படம், ரயிலும் அதில் உண்டு. டிக்கெட் ஒரு ரூபாய். இந்தியாவில் சினிமா நுழைந்த கதவு அது. ஆனால் யாருக்குத் திறந்த கதவு? வாட்சன் ஐரோப்பியர்கள் வந்து தங்கும் ஹோட்டல். (அங்கே டாடாவை உள்ளே விடவில்லை, அந்தக் கோபத்தில்தான் தாஜ் கட்டினார் என்ற கதைக்கும் ஆதாரம் இல்லை. தயவுசெஞ்சு ஃபார்வர்ட் பண்ணாதீங்க.) பாரிஸில் தெருவில் போகிறவன் ஒரு பிராங்க் கொடுத்துப் படி இறங்கலாம். பம்பாயில் மில் தொழிலாளி கையில் ஒரு ரூபாய் இருந்தாலும் அந்த வாசலில் கால் வைத்திருப்பானா?

அதனால்தான் எனக்கு ஜூலை 7-ஐவிட ஜூலை 14 முக்கியம். ஒரே வாரத்தில் காட்சி நாவெல்டி தியேட்டருக்கு மாறியது. சில நாளில் கட்டணமும் பிரிந்தது: நாலணாவிலிருந்து இரண்டு ரூபாய் வரை. ரூபாய்க்கு 16 அணா. ஆக, கால் விலையில் உள்ளே போகலாம். கோஷாப் பெண்கள் குடும்பத்தோடு வந்து பார்க்கத் தனி பாக்ஸ்களும் வைத்தார்கள். நம்ம ஊர்த் தரை டிக்கெட், பெஞ்சு, பால்கனிக்கெல்லாம் முன்னோடி இந்த ஏற்பாடு. அந்த வருஷம் படம் பார்த்துக் கிறங்கிப்போனவர்களில் ஒருவர் ஹரிச்சந்திர சகாராம் பட்வடேகர் என்ற போட்டோகிராபர். லண்டனிலிருந்து கேமரா வரவழைத்து, 1899-ல் பம்பாயில் ஒரு குஸ்திப் போட்டியைப் படம் பிடித்தார்.

கிராண்ட் கஃபே இருந்த இடத்தில் இன்று ஹோட்டல் ஸ்க்ரீப். சுவரில் நினைவுப் பலகை இருக்கிறது. வாட்சன் ஹோட்டல் எஸ்பிளனேட் மேன்ஷன் என்ற பெயரில் காலா கோடாவில் நிற்கிறது. 2005-ல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

நண்பனுக்கு இதையெல்லாம் வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன். நாலு நிமிஷம் கேட்டுட்டு ஒரே கேள்வி அனுப்பினான்: "அப்ப நாலணா டிக்கெட் இருந்துச்சே, இப்ப ஏன்டா இல்ல?"