கைப்பிடி உரமும் கைக்கூலியும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாறு மரங்களின் வரலாறு மட்டுமன்று; அவற்றுக்கு ஊட்டமளித்த கைகளின் வரலாறுமாகும்.

1917ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வாணிக நோக்கில் நடப்பெற்ற செம்பனை, 1960ஆம் ஆண்டுகளுக்குப் பின் இம்மாநிலத்திலும் ரப்பர் நின்ற இடங்களிற் பரவியது. தழை, மணி, சாம்பற் சத்துகளை மிகுதியாக உண்ணும் இம்மரம், போரான் என்னும் நுண்சத்தைச் சிறிதளவே வேண்டுவது. அச்சிறிதளவு குறைந்தாலோ, இளவோலையின் நுனி கொக்கிபோல் வளையும், விளைச்சல் தாழும், வருவாய் குன்றும். எனவே ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு சிறங்கைப் போராக்சு இடப்பட்டது. அவ்வாறு உரமிட்டோருள் நம் பெண்டிரும் பலர்.

மரத்தின் குறையை ஓலை காட்டியது. உழைத்தவர் குறையை எடுத்துரைக்க 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. ஆயினும் தீபகற்பத்தில் 900 ரிங்கிட் குறைந்தபட்ச மாத ஊதியம் நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். மரத்தின் வாட்டத்தை விரைந்துணர்ந்த நாம், மனிதர் வாட்டத்தை உணர ஏன் இத்துணைக் காலம் தாழ்த்தினோம்? மாணவர் சிந்திக்க வேண்டிய வினா இது.