உப்பளக் கரையில் உப்பில்லாக் களி

வண்ணாத்திவில்லுவில் பெரும்போக மழையை நம்பிச் சேனையில் சோளம் போடுகிறவனுக்கு எதிரி இரண்டு: யானையும் படைப்புழுவும். யானை வில்பத்துக் காட்டு வாசி. புழுதான் தூரத்துச் சரக்கு. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. 2016இல் ஆபிரிக்காவில் தலைகாட்டி, 2018இல் இந்தியாவையும் இலங்கையையும் பிடித்துக்கொண்டது. சோளம் கப்பலேறி வந்தது; புழுவோ ஆபிரிக்காவிலிருந்து இங்கே இரண்டு வருடத்தில் வந்துவிட்டது.

அந்தச் சோளம் மெக்சிக்கோவின் பல்சாஸ் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன், ஒரு காட்டுப் புல்லிலிருந்து மனிதன் பழக்கியெடுத்த பயிர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதை ஆபிரிக்கக் கரையில் இறக்கினார்கள். அங்கே கம்பிலும் இறுங்கிலும் களி கிண்டிப் பழகிய கைகள் தயாராக இருந்தன. மா மட்டும்தான் மாறியது. கென்யாவில் உகாலி, சிம்பாப்வேயில் சட்ஸா, மொசாம்பிக்கில் ஷீமா என்று பெயர்கள்.

வழியில் ஒன்று தவறிப்போனது. மெக்சிக்கோக்காரர் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்தே அரைப்பார்கள். அப்போதுதான் தானியத்தில் கட்டுண்டிருக்கும் நயாசின் உடம்பில் சேரும். தானியத்தை ஏற்றிய கப்பல் அந்த வித்தையை ஏற்றவில்லை. சோளத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்காத ஏழைகள் பல நாடுகளில் பெலாக்ரா வந்து தோல் வெடித்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். மீனும் கச்சானும் பருப்பும் சேர்த்துத் தின்றவர்கள் தப்பினார்கள். (வண்ணாத்திவில்லுப் பிரதேசத்து அருவக்காட்டில் சுண்ணாம்புக்கல் தாராளம், அது சீமெந்துக்குப் போகிறது.)

தானியம் போன கடல்வழிகளில் மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் மூவரும் இலங்கைக்குக் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் சந்ததி இன்றும் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழ்கிறது. அவர்களுடைய மஞ்சாப் பாட்டில் போர்த்துக்கேயச் சொற்கள் இன்னும் கேட்கும்.

இலங்கையில் சோளத்துக்கு வாய்த்த வாழ்வு வேறு. 1973இல் தொடங்கிய திரிபோஷாச் சத்துமாவில் சோயாவோடு கலந்து தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் போகிறது. பெரும்பங்கைக் கோழி தின்கிறது. மிச்சம் வீதியோரக் கிடாரத்தில் உப்புத் தண்ணீரில் அவிகிறது. என்னைக் கேட்டால் அந்த உப்புத்தான் வீண்.

ஏனென்றால், ஆபிரிக்கக் களியில் பெரும்பாலும் உப்புப் போடுவதில்லை. மாவும் தண்ணீரும்தான். முற்றிக் காய்ந்த சோளத்தை மில்லில் திரித்துச் சலித்துக்கொள்ளுங்கள். கடையில் பெட்டியில் விற்கும் கோர்ன் ஃபிளவர் வெறும் மாப்பொருள், பசையாகத்தான் வரும். ஒரு கோப்பை மாவுக்கு மூன்று கோப்பை தண்ணீர். கால்வாசி மாவைப் பச்சைத்தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் மிச்சத் தண்ணீரில் ஊற்றிக் கிண்டுங்கள். கஞ்சி தடித்துக் குமிழி வெடித்துக் கையில் தெறிக்கும். மூடிவைத்துச் சிறு தீயில் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு மீதி மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, அகப்பையால் சட்டி ஓரத்தில் அழுத்தி அழுத்திக் கட்டியை உடைக்கவேண்டும். களி சட்டியை விட்டுத் திரண்டு வந்ததும் மூடி, இன்னும் ஐந்து நிமிடம் புழுங்கவிட்டு இறக்குங்கள்.

உருண்டை பிடித்து, பெருவிரலால் குழித்து, கறியை அள்ளிச் சாப்பிடுவதுதான் முறை. மொசாம்பிக்கில் மரவள்ளி இலையைக் கச்சானும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிப்பார்கள். நமக்கு முருங்கையிலை போதும். இறக்கியபின் தேசிக்காய் பிழிந்தால் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது. மீன் என்றால் கொறுக்காய் போட்ட பச்சை மீன் குழம்பு.

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது. அது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும். உப்பு விளையும் புத்தளத்தில் இருந்துகொண்டு அதைக் கடைப்பிடிக்க நினைப்பவர்கள் இந்தக் களியில் தொடங்கலாம். பக்கத்தில் கருவாட்டை மட்டும் வைக்காதீர்கள்.