குச்சியில் விழுந்த கீறல்

ஸ்கோர் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கிரிக்கெட்தான். மேற்கத்திய இசையில் அதே சொல், எல்லாக் குரல்களுக்கும் வாத்தியங்களுக்கும் உரிய சுரங்களை ஒரே தாளில் மேலும் கீழுமாக அடுக்கி எழுதிய பிரதியைக் குறிக்கிறது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பழைய நார்ஸ் மொழியில் 'ஸ்கோர்' என்றால் கணக்குக்காகக் குச்சியில் போட்ட வெட்டு. இருபதுக்கு ஒரு வெட்டு என்று வைத்ததால் ஆங்கிலத்தில் இருபதுக்கும் அதுவே பெயர். சாராயக்கடைக் கடனும் தொடக்ககால கிரிக்கெட் ஓட்டங்களும் இப்படித்தான் கணக்கில் ஏறின.

இசைக்கு வந்தபோது கீறல் கோடாயிற்று. அடுக்கிய ஐங்கோட்டு வரிசைகளின் குறுக்கே மேலிருந்து கீழாக இழுக்கும் கோடு அது. இத்தாலியர் இதைப் 'பார்த்தித்தூரா' என்றார்கள். பகுப்பு என்று பொருள். அவர்களும் சுரத்தை விட்டுவிட்டுக் கோட்டுக்குத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் பாடகர்கள் அவரவர் பகுதி மட்டும் உள்ள தனிப் புத்தகத்தைப் பார்த்தே பாடினார்கள். சிப்ரியானோ தெ ரோரேயின் மத்ரிகல் என்னும் பல்குரல் பாடல்களை 1577இல் வெனிஸில் பதிப்பாளர் கர்தானோ எல்லாக் குரல்களையும் அடுக்கிக் கோடு பிரித்து அச்சிட்டது அன்றைக்குப் புதுமை.

மேடை இசைக்காரர் கையில் இந்தக் கோடுகள் என்ன வேலை செய்தன என்பதற்கு மொஸார்ட்டின் 'டான் ஜொவானி' கையெழுத்துப் பிரதியைப் பார்க்க வேண்டும். 1787 அக்டோபர் 29 அன்று பிராகில் அரங்கேறிய ஆபரா. அகலவாக்கில் பன்னிரண்டு வரிசை கொண்ட தாள். உச்சியில் வயலின், அடியில் பாஸ், அதற்கு மேலே பாடகர்கள். முதலில் பாட்டும் பாஸும், தேவையான இடத்தில் வயலினும் எழுதிவிடுவார். மற்ற வரிசைகள் வெறுமையாகக் காத்திருக்கும். பிறகு நிரப்பியது மையின் நிறத்திலேயே தெரிந்துவிடும். வயோலாவுக்குத் தனி வேலை இல்லையென்றால் 'கோல் பாஸோ', அதாவது பாஸோடு சேர்ந்து போ என்று இரண்டே சொல். சுரம் சுரமாக விரித்து எழுதுவது நகலெடுப்பவர் பாடு! வரிசை போதாத இடங்களில் காற்று வாத்தியங்கள் தனித்தாளுக்குப் போயின.

பாடகி பொலீன் வியார்தோ 1855இல் வாங்கி, 1892இல் பாரிஸ் இசைப்பள்ளிக்குக் கொடுத்த பிரதி இது. இப்போது பிரெஞ்சு தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஆபராவின் இறுதிப் பகுதியில் ஒரு கற்சிலை பேசும்போது முழங்கும் டிராம்போன்களை மட்டும் இதில் தேடக் கூடாது. அவை நகல்கள் வழியே வந்தவை. மொஸார்ட் எழுதியவைதானா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. எனக்கென்னவோ, தனித்தாள் தொலைந்திருக்கும் என்பதே நம்பும்படி இருக்கிறது.