இயங்கலைப் பட்டறை: வாடிக்கையாளர் திரைக்கு முன் உட்கார்ந்தால் மட்டும் போதுமா?

இ-இன்வாய்ஸ் முறை 2024 ஆகஸ்டு 1-ஆம் தேதி, ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுடன் தொடங்கியது. 2025 ஜூலை 1 முதல் 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் விற்பனை உள்ளவர்களும் அதற்குள் வந்துவிட்டனர். ஒவ்வொரு கட்டத்துக்கும் தொடக்கத்தில் சலுகைக் காலம் உண்டு. அதன் பிறகு தவறினால் வருமான வரிச் சட்டத்தின்கீழ் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆகவே, செங்கில் இருந்துகொண்டு ஜாசின், அலோர் காஜா வாடிக்கையாளர்களுக்கு இதை இயங்கலையில் சொல்லித் தரும் கணக்காளர், பட்டறையை ஏனோதானோவென்று நடத்த முடியாது.

யாரை அழைப்பது?

பெரும்பாலும் முதலாளிதான் வருவார். ஆனால் பில் போடுவது கல்லாவில் இருக்கும் அக்கா. அந்த அக்கா வராத பட்டறை வீண். முன்கூட்டியே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "கடையில பில் யார் போடுறாங்க? கம்ப்யூட்டரா, கைப்பேசியா?" என்று கேட்டுவிடுங்கள். கைப்பேசியில் சேருபவருக்கு உங்கள் எக்செல் எழுத்து எறும்பு மாதிரிதான் தெரியும்.

எப்போது வைப்பது?

வெள்ளிக்கிழமை நண்பகல் வேண்டாம், தொழுகை நேரம். மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக்குக் கூட்டம் திரளும். அன்று மலாக்காவில் யாரும் திரை முன் உட்கார மாட்டார்கள். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் பிற்பகல் இடிமழையில் லைன் போனாலும் போகும். காலையே நல்லது. ஸூம் இலவசக் கணக்கில் ஒரு சந்திப்புக்கு 40 நிமிடம்தான். அதைக் குறையாக நினைக்காதீர்கள். ஒரு பட்டறைக்கு ஒரு வேலை என்று வைத்தால் அதுவே போதும்.

நடத்தும்போது

இரண்டு பேர் தேவை. ஒருவர் பேச, இன்னொருவர் வாட்ஸ்அப்பில் "சத்தம் கேக்கல" என்பவர்களைக் கவனிக்க வேண்டும்.

"புரிஞ்சிதா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் "புரிஞ்சிது சார்" என்றுதான் சொல்வார்கள். "அக்கா, இந்த பில்லை நீங்களே ரத்து பண்ணிக் காட்டுங்க" என்று சொல்லிப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். மைஇன்வாய்ஸ் தளத்தில் ஒரு பில்லை ரத்து செய்ய 72 மணி நேரமே அவகாசம் என்பது அப்போதுதான் மனத்தில் பதியும்.

உணவகக்காரர் நிச்சயம் கேட்பார்: "சாப்பிட வர்ற ஒவ்வொருத்தருக்குமா?" இ-இன்வாய்ஸ் கேட்காத சில்லறை வாடிக்கையாளர்களின் விற்பனையை மாதம் ஒருமுறை தொகுத்து, மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் அனுப்பலாம். இந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்குங்கள். பலர் வந்திருப்பதே இதற்காகத்தான்.

திரையைப் பகிரும்போது ஒருவரின் வரி எண்ணும் அடையாள அட்டை எண்ணும் மற்ற கடைக்காரர்களுக்குத் தெரியக்கூடாது. வரி வாரியத்தின் சோதனைத் தளத்தில், கற்பனை விவரங்களோடு செய்து காட்டுங்கள். பதிவு செய்வதானால் முதலிலேயே அனுமதி கேளுங்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

முடிந்ததும் ஒரு பக்கக் குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஆனால் அடுத்த மாதம் முதல் வாரத்தில், அந்த ஏழு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போது, கல்லா அக்காவுக்கு ஒரு போன் போடுவது அதைவிடப் பலன் தரும்.