வீட்டில் சால்சா தயாரித்தல்: மிளகாயின் காரமும் உணவுப் பாதுகாப்பும்

மெக்சிகோவிலும், அதனை ஒட்டிய நியூ மெக்சிகோ, அரிசோனா போன்ற அமெரிக்கத் தென்மேற்கு மாநிலங்களிலும் அன்றாட உணவுடன் தொட்டுக்கொள்ளப்படுவது சால்சா. தக்காளி, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லித் தழை, எலுமிச்சைச் சாறு ஆகியவை சேர்ந்த இத்துணையுணவை எண்ணெயின்றியே தயாரிக்கலாம். உப்பை அளவோடு சேர்த்தால் உடலுக்கு நல்லது. எனினும், காரமான உணவு கெடாது என்னும் நம்பிக்கை தவறானது. சால்சாவைக் காப்பது காரமன்று. தூய்மை, புளிப்பு, குளிர்ச்சி ஆகிய மூன்றுமே.

காரம் எங்கே உள்ளது?

மிளகாயின் காரத்திற்குக் காரணம் கேப்சைசின் என்னும் வேதிப்பொருள். இது விதைகளைவிட, அவை ஒட்டியிருக்கும் வெண்ணிறப் பகுதியிலேயே மிகுதியாக உள்ளது. அப்பகுதியை நீக்கினால் காரம் குறையும். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவீட்டில் ஹாலபீனோ 2,500 முதல் 8,000 வரையும், ஹாபனேரோ 1,00,000 முதல் 3,50,000 வரையும் இருக்கும். ஆகவே ஒன்றிற்கு ஈடாக மற்றொன்றை அதே அளவில் சேர்த்தல் கூடாது.

கையாளும் முறை

- மிளகாயை ஓடும் நீரில் கழுவிய பின்னரே நறுக்கவும். 2008-இல் அமெரிக்காவில் 1,400-க்கும் மேற்பட்டோரைப் பாதித்த சால்மொனெல்லா தொற்றுக்கு, ஹாலபீனோ, செரானோ மிளகாய்கள் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டன.
- கையுறை அணியவும். கையில் எரிச்சல் ஏற்பட்டால் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பின்னர் சோப்பினால் கழுவவும். கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது.
- காய்ந்த மிளகாயை வறுக்கும்போது சன்னல்களைத் திறந்து வைக்கவும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அப்புகையிலிருந்து விலகியிருக்க வேண்டும்.
- வாய் எரிந்தால் நீரைவிடப் பாலோ தயிரோ நிவாரணம் தரும்.

சேமிக்கும்போது கவனம்

மிளகாயும் வெங்காயமும் புளிப்புக் குறைந்தவை; தக்காளியின் புளிப்பும் வகைக்கு வகை மாறுபடும். அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு 4.6-க்கு மேல் உள்ள உணவைக் காற்றுப்புகாத புட்டியில் அடைத்தால், பொட்டுலிசம் என்னும் நரம்பு நச்சு நோயை உண்டாக்கும் கிருமி அதில் வளரக்கூடும். சாதாரணமாகக் கொதிக்க வைப்பதால் அதன் வித்துகள் அழிவதில்லை. 1977-இல் மிச்சிகன் மாநிலத்தின் பாண்டியாக் நகரில், முறையாகப் பதப்படுத்தப்படாத ஹாலபீனோ மிளகாயில் செய்த சுவைச்சாற்றை உண்ட 59 பேர் இந்நோய்க்கு ஆளாயினர்.

- சால்சாவைக் குறைந்த அளவில் தயாரித்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று நாட்களுக்குள் உண்ணவும்.
- வெப்பம் 32 டிகிரி செல்சியசுக்கு மேல் இருப்பின், ஒரு மணி நேரத்திற்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.
- நீண்ட நாள் சேமிக்கப் புட்டியில் அடைப்பதாயின், சோதிக்கப்பட்ட செய்முறையை மட்டும் பின்பற்றவும். அதில் மிளகாய், வெங்காயத்தின் அளவைக் கூட்டுவதோ எலுமிச்சைச் சாற்றைக் குறைப்பதோ ஆபத்தானது.
- சுட்ட மிளகாயையோ பூண்டையோ எண்ணெயில் மூழ்கவைத்து அறை வெப்பநிலையில் வைக்க வேண்டாம்.
- மூடி உப்பிய, கசிந்த புட்டிகளைச் சுவைத்துப் பார்க்காமல் அப்புறப்படுத்தவும். நச்சு கலந்த உணவு மணத்திலும் நிறத்திலும் இயல்பாகவே தோன்றலாம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

கண்ணில் மிளகாய்ச் சாறு பட்டால் கண்ணைத் தேய்க்காமல், ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவவும். வலியோ பார்வை மங்கலோ நீடித்தால் மருத்துவமனைக்குச் செல்லவும். வீட்டில் பதப்படுத்திய உணவை உண்டபின் இரட்டைப் பார்வை, இமை தொங்குதல், பேச்சுக் குழறல், விழுங்குவதிலோ மூச்சுவிடுவதிலோ சிரமம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்கவும். உண்ட உணவின் மீதியையும் மருத்துவரிடம் காட்டவும். விரைந்து அளிக்கப்படும் நச்சுமுறிவு மருந்து உயிரைக் காக்கும்.